டிரான்சிட் மகாராஜா பராக்!

சென்னை மீனம்பாக்கத்துக்கும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம், பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால், ஏறத்தாழ 13,480 கிலோமீட்டர். இன்றைய பெரிய விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. வகுத்துப் பார்த்தால் 15 மணி நேரம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எதிர்க்காற்றுக்குமாக ஒன்றிரண்டு மணியைக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் கணக்குக் கருவிகள் எல்லாம் இந்த விடையைத்தான் தருகின்றன. பாவம், அவை பாமரக் கருவிகள். வானத்தில் ஓர் அரசாட்சி நடப்பதை அவை அறியமாட்டா. நடுவழியில் விமானம் மாற வைத்து, அந்த 15 மணியை 25 ஆகவும் 30 ஆகவும் வளர்த்தெடுத்துக் குடிகளைக் காத்து ரட்சிக்கும் மாட்சிமை தங்கிய டிரான்சிட் மகாராஜாவின் திருநாமம் அவற்றின் செவியில் விழுந்ததே இல்லை. அந்தப் பெருங்குறையைப் போக்குவதற்காகவே அடியேன் இந்தக் கட்டியத்தைக் கூறத் துணிந்தேன். சபையோர் எழுந்து நிற்கவும். எழுந்து நிற்பது மகாராஜாவின் குடிகளுக்குப் பழகிய காரியம்தான்.

நேர்வழி என்று ஒன்று இருந்து தொலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சென்னையில் கிளம்பிய விமானம் வடமேற்கே ஏறி, மத்திய ஆசியாவையும் ரஷ்யாவையும் தாண்டி, ஐஸ்லாந்துக்குச் சற்று வடக்கே போய், கிரீன்லாந்தின் தென்கோடியை ஒட்டித் திரும்பி, கனடாவின் கிழக்கு ஓரமாக நியூயார்க்கில் இறங்கிவிடும். ஒரு தூக்கம், இரண்டு சாப்பாடு, மூன்று சினிமா, பயணம் முடிந்தது. பயணி கண்ட உலகம் எது? பேசிய மனிதர்கள் யார்? பெற்ற அனுபவம்தான் என்ன? ஒன்றுமில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவார். இப்படிப்பட்ட வெறுமையிலிருந்து சென்னைவாசியைத் தடுத்தாட்கொண்ட கருணையை எந்த நாவால் புகழ்வது?

சிங்கப்பூர்க்காரர்களின் கதியைப் பாருங்கள். அவர்கள் ஊரிலிருந்து நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்கும் மேல். நம்மைவிட 1,800 கிலோமீட்டருக்கு மேல் அதிகம். இருந்தும் 2018 அக்டோபரில் நியூயார்க்கை அடுத்த நியூவார்க்குக்கும், 2020 நவம்பரில் கென்னடி நிலையத்துக்கும் ஒரே மூச்சாகப் போகும் விமானத்தை அவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள். 19 மணி நேரத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிடுகிறதாம். இதற்கென்றே கூடுதல் எண்ணெய் கொள்ளும்படி செய்த ஏர்பஸ் ஏ350. மொத்தமே 161 இருக்கை. அதில் எகானமி வகுப்பே கிடையாது. பெங்களூரும் இந்தச் சோதனைக்கு ஆளானது. சுமார் 14,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சான்ஃபிரான்சிஸ்கோவோடு 2021 ஜனவரியில் அதை நேராக இணைத்தார்கள். முதல் பயணத்தைப் பெண் விமானிகளே வட துருவத்தை ஒட்டி ஓட்டி வந்தார்கள். பெங்களூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிற சென்னை மட்டும் மானத்தோடு தப்பித்தது.

சென்னையிலிருந்து நேராகப் பறக்கச் சட்டம் குறுக்கே நின்றதோ என்று சிலர் ஐயுறலாம். அந்தப் பழி சட்டத்துக்கு வேண்டாம். இந்தியாவும் அமெரிக்காவும் 2005-இல் திறந்த வான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் பறக்கலாம் என்பது அதன் சாரம். ஆக, வானம் திறந்துதான் கிடக்கிறது, விமானம்தான் இல்லை. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளம். எதிர்ப்பார் ஒருவரும் இல்லாத களத்தில், ஓர் அம்புகூட எய்யாமல், இருபது ஆண்டுகளாக வெற்றிக்கொடி நாட்டி வரும் மகாராஜாவின் வீரத்தை என்னென்பது! சேர சோழ பாண்டியர்களுக்குக்கூட வாய்க்காத வெற்றி இது.

விமான நிறுவனங்களின் கணக்குப் புலமையையும் இங்கே வணங்கியாக வேண்டும். நெடுந்தூர விமானத்தில் லாபம் முன்பக்கத்துப் படுக்கை இருக்கைகளில்தான் விளைகிறது. பின்பக்கத்தில் பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிற கிழவரும் கிழவியும், கல்விக் கடன் வாங்கிப் படிக்கப் போகிற பிள்ளைகளும், பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற தாய்மார்களும் எத்தனை ஆயிரம் பேர் திரண்டு நின்றாலும் அது கூட்டமே தவிர சந்தை ஆகாது. இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கண்டு சொன்ன மேதைகளை அரசவையில் எந்த ஆசனத்தில் அமர்த்துவது? எகானமி இருக்கையில்தான், அதன் அருமையை அவர்களே அறிவார்கள்.

இப்போது மகாராஜாவின் தலையாய திருவிளையாடலுக்கு வருகிறேன். சென்னையிலிருந்து தோஹா சுமார் 3,300 கிலோமீட்டர். தோஹாவிலிருந்து நியூயார்க் சுமார் 10,800. கூட்டினால் 14,100. நேர்வழியைவிட 600 கிலோமீட்டர்தான் கூடுதல். பறக்கிற கணக்கில் பார்த்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது! துபாய் வழியாகப் போனால் வித்தியாசம் இன்னும் குறைவு. இந்த முக்கால் மணி நேரச் சுற்றுவழியைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து நான்கு மணியும் எட்டு மணியும் பன்னிரண்டு மணியும் கறந்தெடுக்கிற திறமை இருக்கிறதே, அது ரசவாதிகளுக்கும் எட்டாதது. பயணியைத் தாமதப்படுத்துவது தூரம் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. தூரத்துக்கு அந்தப் பெருமை இல்லை. பெருமையெல்லாம் நாற்காலிக்கு. நகராமல் நிற்கும் நாற்காலிக்கு.

காத்திருப்பின் அளவை மகாராஜா நிர்ணயிக்கும் விதமும் நீதி தவறாதது. பணம் உள்ளவனுக்கு இரண்டு மணி நேரம், இல்லாதவனுக்குப் பதினான்கு. டிக்கெட் விலை குறையக் குறையக் காத்திருப்பு நீளும். ஏழையின் நேரத்தை அள்ளி அள்ளிச் செலவழிக்கும் இந்தத் தாராளம் வேறெந்த அரசனிடம் உண்டு? ஒன்றே கால் மணி நேரத்தில் அடுத்த விமானம் என்று சீட்டுக் கொடுத்து, முதல் விமானத்தை ஐம்பது நிமிடம் தாமதமாக இறக்கி, அறுபது வயதுக்காரர்களை நிலையத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட வைக்கும் தேகப் பயிற்சித் திட்டமும் அரசரிடம் உண்டு. அதில் தோற்றவர்களுக்கு ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் பாக்கியம். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தால் அந்தப் பாக்கியத்துக்கு அவர்களே பணம் கட்டிக்கொள்ளலாம்.

ராஜ்ஜியத்தின் எல்லை மீனம்பாக்கத்தில் தொடங்குகிறது என்று நினைப்பதும் பிழை. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையிலேயே அது தொடங்கிவிடுகிறது. அரபு நாடு வழியாகப் போகும் விமானங்கள் பலவும் நடுநிசிக்கும் விடியலுக்கும் இடையே கிளம்புகின்றன. ஆகவே முந்தைய இரவே பஸ்ஸோ ரயிலோ பிடித்து, பத்து மணி நேரம் பயணம் செய்து, காலையில் சென்னையில் இறங்கி, பகல் முழுவதும் யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இரவு பத்து மணிக்கு நிலையத்துக்கு வர வேண்டும். பயண நேர அட்டவணையில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. கணக்கில் வராத 30 மணி நேரத்தை ஒரு மனிதருக்கு இலவசமாக அருளுவது லேசான கொடையா?

அப்படிப் பாளையங்கோட்டையிலிருந்து வந்து, பெட்டி எடை போடும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தம்பதிக்கு எழுபது வயது இருக்கும். இரண்டு பெட்டி, ஓர் அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டியைக் கொச்சைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மகன் பெயரையும் நியூஜெர்சி முகவரியையும் மார்க்கர் பேனாவால் நான்கு பக்கமும் எழுதியிருந்தார்கள். எடை மேடையில் வைத்தபோது 24 கிலோ 500 கிராம் காட்டியது. பெட்டிக்கு 23 கிலோதான் வரம்பு. அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து கயிற்றைப் பல்லால் அவிழ்த்தார். பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கூழ் வடகம், குழந்தைக்கு வசம்பு. எதை எடுப்பது என்று கணவரைப் பார்த்தார். கணவர் வேறெங்கோ பார்த்தார். கடைசியில் ஊறுகாய் பாட்டில் வெளியே வந்தது. வழியனுப்ப வந்த மருமகன் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்ததால் அதை அவரிடம் கொடுக்கவும் வழியில்லை. ஒன்றரை கிலோ அன்பைக் குப்பைத் தொட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போக நேர்ந்த அந்த நிமிஷத்தில் விமானப் போக்குவரத்தின் கண்ணியம் முழுவதையும் தரிசித்தேன்.

அந்த அம்மாளுக்குச் சக்கர நாற்காலி பதிவு செய்திருந்தார்கள். கால்கள் நன்றாகவே இருந்தன. தினமும் கோயிலைச் சுற்றி வருகிறவராம். இங்கிலீஷ்தான் வராது. இறங்குகிற ஊரில் எந்த வாசல், எந்த மாடி, எந்த ரயில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதவரை, நடக்க முடியாதவர் என்று எழுதிக்கொடுத்தால்தான் கூட்டிப் போவார்கள். நடக்கத் தெரிந்தவரை நடக்கவிடாமல் செய்து உபசரிக்கும் இந்த ராஜமரியாதை இந்தியாவிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களில் பல முதியோர்களுக்குக் கிடைக்கிறது. மகன் அனுப்பிய காகிதம் ஒன்று அவர் கையில் இருந்தது. இங்கிலீஷில் பெரிய எழுத்தில் அச்சடித்தது. யார் என்ன கேட்டாலும் அதை நீட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நான்காக மடித்து, தாலிச் சரட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வளைகுடா நகரத்தில் இறங்கியபின் அவர்களை மறுபடி கண்டேன். சக்கர நாற்காலிகளை ஓரிடத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தள்ளி வந்த பையன் இதோ வருகிறேன் என்று போய் வெகுநேரம் ஆகியிருந்தது. கழிப்பறை எதிரிலேயே இருந்தது. எழுந்து போனால் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் அந்த அம்மாள் அசையவில்லை.

“ஏங்க, வந்துட்டமா?”

“இல்லட்டி, இது அரபு நாடு. இன்னும் பாதி வழிகூட வரல.”

“அப்ப சுகர் மாத்திரைய இப்பப் போடணுமா, அங்க போயிப் போடணுமா? காலையிலன்னுதான டாக்டர் சொன்னாவ.”

எந்தக் காலை என்று அவருக்கும் தெரியவில்லை. பாளையங்கோட்டையின் காலையா, இறங்கியிருக்கும் ஊரின் காலையா, மகன் வீட்டுக் காலையா? ஒரே நாளில் மூன்று விடியல்களை வழங்கி, எதில் மாத்திரை போடுவது என்ற தத்துவ விசாரணையை ஒரு சர்க்கரை நோயாளிக்குள் தூண்டிவிடும் வள்ளலை வேறெங்கே தேடுவது! மகாராஜாவின் அரண்மனைகளில் கலைக்கும் குறைவில்லை. தோஹா ஹமத் நிலையத்தின் நடுவே, தலையில் விளக்குக் கவிழ்த்த மஞ்சள் கரடி பொம்மை ஒன்று ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. உர்ஸ் ஃபிஷர் என்ற சுவிட்சர்லாந்துச் சிற்பி வெண்கலத்தில் வார்த்தது. உலகம் சுற்றும் குடிகளில் நிம்மதியாக உட்கார இடம் கிடைத்த ஒரே ஜீவன் அதுதான் என்பதால் அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது.

அடுத்த விமானத்தில் 14 மணி நேரம். அந்த இருக்கையின் பெருமைக்குத் தனிப் பிரபந்தம் வேண்டும். போயிங் 777 பறக்கத் தொடங்கிய 1995-இல் பெரும்பாலான நிறுவனங்கள் எகானமியில் வரிசைக்கு 9 இருக்கை வைத்தன. அகலம் பதினெட்டு அங்குலத்துக்குக் குறையாது. விமானத்தின் உடம்பு அன்றைக்கு இருந்த அதே அளவுதான் இன்றும். இருக்கை மட்டும் பல நிறுவனங்களில் பத்தாகிவிட்டது. அகலம் 17 அங்குலம். மனிதர்கள் பருத்துக்கொண்டு வரும் காலத்தில் இருக்கையை மெலியச் செய்த இந்த உடல்நல அக்கறை போற்றத்தக்கது. பக்கத்துக்காரரின் முழங்கை உங்கள் விலாவில் 14 மணி நேரம் தங்கியிருக்கும். சமூக நல்லிணக்கம் இதைவிட நெருக்கமாக வளர முடியாது. கால் வீங்கினால் கவலை வேண்டாம். செருப்பு நுழையாவிட்டால் கையில் பிடித்துக்கொண்டு இறங்கலாம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1958-இல் போயிங் 707 அட்லாண்டிக்கைத் தாண்டியபோது மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போயிற்று. இன்றும் அதே 900. நடுவில் கன்கார்டு என்ற அதிகப்பிரசங்கி ஒன்று 1976 முதல் 2003 வரை ஒலியை மிஞ்சிப் பறந்து, லண்டனையும் நியூயார்க்கையும் மூன்றரை மணி நேரத்தில் இணைத்துப் பார்த்தது. அடக்கமின்மைக்குத் தண்டனையாக அதை அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்டாத இந்த நிதானம் முனிவர்களுக்கு உரியது.

மகாராஜாவுக்கு நேசநாட்டு மன்னர்களும் உண்டு. ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த பயணம், 2022-இல் ரஷ்யா தன் வானத்தை அடைத்ததும் 13 மணி ஆயிற்று. வரைபடத்தில் ஓர் அங்குலமும் மாறவில்லை. பாகிஸ்தான் 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வழியை மூடியபோது, டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போய்க்கொண்டிருந்த நேரடி விமானங்கள் சில வியன்னாவில் இறங்கி எண்ணெய் நிரப்பின. போர் தொடுப்பவர் யாரோ, வழி மறிப்பவர் யாரோ. கப்பம் கட்டும் உரிமை மட்டும் எப்போதும் பயணிக்கே என்று ஒதுக்கி வைத்திருக்கும் மாண்பு வாழ்க!

பயணச்சீட்டைப் பார்த்தால் இன்னோர் அதிசயம். அதிகாலை சென்னையில் ஏறினால் அன்றைக்குப் பிற்பகலே நியூயார்க்கில் இறங்கலாம் என்று எழுதியிருக்கும். நியூயார்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், கோடையில் ஒன்பதரை. இருபது மணி நேரத்தைப் பத்தாகக் காட்டும் இந்த எழுத்து, பொய் என்று யாரும் சொல்ல முடியாத மெய். உடம்புக்குத்தான் அது புரிவதில்லை. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று எண்ணி எண்ணிப் பத்து நாள் கழித்தே அது வந்து சேர்கிறது. அதுவரை பாட்டி இரவு இரண்டு மணிக்கு எழுந்து, யாரையும் எழுப்பாமல், அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

இறங்கியதும் குடியேற்ற வரிசை. அது முடிந்தால் சுங்கம். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பது காரணம். 14,100 கிலோமீட்டர் வாடாமல் ஈரத்துணியில் சுற்றி வந்த கொத்து அங்கே முக்தி அடையும். டல்லாஸுக்கோ அட்லாண்டாவுக்கோ போக வேண்டியவர்கள், முதலில் இறங்கிய ஊரிலேயே பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைத்து, மறுபடி சோதனைக்கு நின்று, மறுபடி காத்திருக்கலாம். பிரிய மனமில்லாத மகாராஜா குடிகளை அவ்வளவு தூரமும் கூடவே வந்து வழியனுப்புகிறார்.

ஆகவே தமிழ்ப் பெருமக்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த தேர்தலில் உங்கள் நாடாளுமன்ற வேட்பாளர் கைகூப்பி வாசலுக்கு வருவார். சாலை கேளுங்கள், குடிநீர் கேளுங்கள், ரயில் நிறுத்தம் கேளுங்கள். சிங்கப்பூரைவிட நியூயார்க்குக்கு அருகில் இருக்கும் சென்னைக்கு ஏன் ஒரு நேரடி விமானம்கூட இல்லை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். பத்தாயிரம் பேர் சேர்ந்து கேட்டால், மகாராஜாவின் சிங்காதனம் அன்றைக்கே ஆட்டம் கண்டுவிடும்.